பேர் வெட்டாத டம்ளர்

கறிவேப்பிலையை வோட்காவில் நான்கு மணி நேரத்துக்கு மேல் ஊறவிடக் கூடாது. ஐந்தாவது மணி நேரத்தில் அது கஷாயமாகிவிடும். இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு முழு பாட்டிலும் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளும் செலவாயின. பொள்ளாச்சி இளநீரோடு எந்தச் சரக்கும் ஒத்துப்போகும். ஆனால் ஐஸ் உருகிக் கலந்தால் இளநீர் செத்துவிடும், அதனால் இளநீரையே ஐஸ் தட்டில் ஊற்றிக் கட்டியாக்கி வைத்துக்கொள்ள வேண்டும். வெல்லப்பாகில் சுக்கும் இரண்டு மிளகும் தட்டிப் போட்டு, கறுப்பு ரம்மில் கலந்து, வறுத்த மல்லியை நுணுக்கி மேலே ஒரு சிட்டிகை தூவினால், சுக்குமல்லிக் காப்பி குடித்து வளர்ந்த எவனும் இன்னொன்று கேட்பான். மோரில் ஜின் மட்டும் வேண்டாம். செய்து பார்த்தவன் சொல்கிறேன்.

இதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தேன். அதற்கு முன்னால் என் மேஜைமேல் காளான் வளர்த்தேன், அதற்கு முன்னால் காப்பிக்கொட்டை வறுத்தேன், அதற்கும் முன்னால் புளித்த மாவில் ரொட்டி சுட்டேன். எனக்கு எதுவும் ஆறு மாதத்துக்கு மேல் நிற்பதில்லை. ஆனால் இந்தக் காக்டெயில் விஷயம் நிற்கும் என்று நம்பினேன், ஏனென்றால் இதில் எனக்கு ஒரு கொள்கை இருந்தது. பெங்களூரில் மூன்று வருடம் வேலை பார்த்தபோது போன பார்களில் மலையாளிக்கு ஒரு பானம் இருந்தது, கோவாக்காரனுக்கு ஒன்று இருந்தது. எங்கள் ஊர்க்காரனுக்கு இருந்ததெல்லாம் ஒரு குவார்ட்டர், ஒரு தண்ணீர் பாக்கெட், ஊறுகாய்ப் பொட்டலம். எங்கள் பக்கத்து ஆண்கள் தென்னந்தோப்புக்குள் நின்றபடி மருந்து குடிப்பதுபோல ஒரே மடக்காய்க் குடித்துவிட்டு, வாயில் ஏலக்காயை மென்றுகொண்டு ஒன்றும் நடக்காததுபோல வீட்டுக்குள் வருவார்கள். வீட்டுப் பெண்களும் ஒன்றும் தெரியாததுபோலச் சோறு போடுவார்கள். அவர்களை உட்காரவைத்து, நம்ம மண்ணில் விளைந்ததில் கலந்து, ருசித்துக் குடிக்கப் பழக்கினால் குடியே குறையும் என்று கூட்டாளிகளிடம் மணிக்கணக்கில் பேசினேன். அவர்கள் குடித்துக்கொண்டே தலையாட்டினார்கள்.

எங்கள் குடும்பத்தில் குடியால் உடைந்தவர் ஒருவர் இருந்தார். என் அக்காவின் வீட்டுக்காரர். நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன், அவர் என்னை மாப்ள என்பார். கோயமுத்தூரில் பம்ப்செட்டுக்கு உதிரிபாகம் கடைந்து கொடுக்கும் லேத் பட்டறை அவருடையது. இரண்டு பேர் அவரிடம் வேலைக்கு இருந்தார்கள். கை நேர்த்தி அப்படி. அளவு பார்க்கும் கருவியை எடுப்பதற்கு முன்பே விரலால் தடவிச் சரியா தப்பா என்று சொல்லிவிடுவார். அந்த விரல்களில் ஒன்றின் நுனி, குடித்துவிட்டு மிஷின் முன்னால் நின்ற ஒரு காலையில் போனது. அதற்குப் பிறகும் அவர் நிறுத்தவில்லை. அக்கா ஒருமுறை துணிப்பையோடு பொள்ளாச்சி பஸ் ஏறி அம்மா வீட்டுக்கு வந்து பதினைந்து நாள் இருந்தாள். ஏன் வந்தாள் என்று யாரும் கேட்கவில்லை. மழை பெய்கிறதா என்று கேட்டார்கள், பள்ளிக்கூடம் லீவா என்று கேட்டார்கள். அவள் யூகேஜி டீச்சர். இனி ஒருமுறை இப்படி வந்தால் திரும்பிப் போகமாட்டேன் என்று என்னிடம் மட்டும் சொன்னாள்.

பிறகு ஒரு நாள் அவர் நிறுத்திவிட்டார். குலதெய்வம் கோயிலுக்குப் போய் மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டு வந்தார். என் புதுவீட்டு விருந்து நடந்த ஞாயிற்றுக்கிழமை வந்தபோது அது பதினோரு மாதம். அந்தப் பதினோரு மாதத்தில் அவருக்குப் பத்துக் கிலோ ஏறியது, அக்காவுக்குச் சிரிப்பு திரும்பியது. பட்டறையில் வேலை பார்த்த இரண்டு பேரில் ஒருவரை அவரே கூட்டிப்போய்க் கயிறு கட்டவைத்தார். யார் கிடைத்தாலும் சொல்வார்: "மனசு வெச்சா முடியுமுங்க. என்னையப் பாருங்க." எனக்கு லேசாகச் சலிப்புக்கூட வந்தது. அந்த அளவுக்குச் சொல்வார்.

என்னிடம் மட்டும் இன்னொன்றும் சொல்லியிருந்தார். கயிறு கட்டிய இரண்டாவது மாதம், பெருந்துறைக்கு உதிரிபாகம் இறக்கப் போன இடத்தில் தாங்கமுடியாமல் ஒரு பீர் வாங்கி இரண்டு வாய் குடித்திருக்கிறார். பத்து நிமிஷத்தில் முகம் தீப்பிடித்ததுபோல எரிந்து, நெஞ்சு படபடத்து, ரோட்டோரம் உட்கார்ந்து வாந்தி எடுத்திருக்கிறார்.

"சாமி காலைப் புடிச்சு நிறுத்துன மாதிரி இருந்துது மாப்ள," என்றார். "அன்னைக்கோட அந்த நெனப்பே விட்டுப்போச்சு. அக்காகிட்ட சொல்லிப்போடாத."

நான் சொல்லவில்லை.

கோயமுத்தூரிலேயே துடியலூர்ப் பக்கம் நான் ஒரு ஃப்ளாட் பிடித்துக் குடிவந்தேன். பால் காய்ச்சிய அன்று சொந்தக்காரர்களுக்கு நேரமில்லை, அடுத்த ஞாயிறு மதியம் விருந்து என்று முடிவானது. அதே ஞாயிறு என் கூட்டாளிகள் ஆறு பேர் என் காக்டெயிலைக் குடித்துப் பார்க்க வருவதாக ஏற்கெனவே பேச்சு. இரண்டையும் தள்ளிவைக்க எனக்குப் பொறுமை இல்லை. ஒரே நாளில் வைத்துக்கொள்ளலாம், யாருக்கும் தெரியாமல் செய்யலாம் என்று தோன்றியபோது எனக்குக் கவலையே வரவில்லை. உற்சாகம்தான் வந்தது. இதுதான் சவால் என்று நினைத்தேன்.

நன்னாரியைத் தேர்ந்தெடுத்தேன். சந்தையில் மலை வேர் வாங்கி, நடு நரம்பை உருவிப் போட்டுவிட்டு, தோலை மட்டும் தட்டி ராத்திரி முழுக்க வெந்நீரில் ஊறவைத்து, வெல்லம் சேர்த்துப் பாகு காய்ச்சினேன். நன்னாரிக்கு ஒரு குணம் உண்டு. அதன் வாசனை முன்னால் நின்றுகொண்டு பின்னால் இருப்பதை மறைத்துவிடும். எலுமிச்சம்பழமும் ஒரு கல் உப்பும் சேர்ந்தால் நாக்கு வேறெதையும் தேடாது. அதில் வெள்ளை ரம்மைக் கொஞ்சம் கொஞ்சமாய்ச் சேர்த்து, எந்த அளவில் ரம் தெரிய ஆரம்பிக்கிறது என்று நான்கு நாள் சோதித்தேன். ஒரு டம்ளருக்கு ஒன்றரை மூடி வரைக்கும் தெரியவே இல்லை. எதிர் வீட்டு நண்பனிடம் இரண்டு டம்ளரைக் கொடுத்து எதில் சரக்கு என்று கேட்டேன். மாற்றிச் சொன்னான். அன்று நான் அடைந்த சந்தோஷம், பரீட்சையில் பாஸானபோதுகூட அடைந்ததில்லை.

இரண்டு குடம். ஒரே நிறம், ஒரே வாசனை. ஒன்றில் சர்பத் மட்டும், இன்னொன்றில் ரம் சேர்ந்தது. கண்ணாடிக் கிளாஸ் வைத்தால் பெரியவர்களுக்குச் சந்தேகம் வரும், அதனால் எல்லோருக்கும் எவர்சில்வர் டம்ளர். யாருக்கு எது என்று எனக்கும் கூட்டாளிகளுக்கும் தெரிய வேண்டுமே? அதற்கும் வழி கண்டுபிடித்தேன். அம்மா தன் வீட்டிலிருந்து ஒரு சாக்கு நிறைய டம்ளர் அனுப்பியிருந்தாள். எங்கள் பக்கம் எந்தக் கல்யாணத்தில் கொடுத்த பாத்திரமானாலும் கொடுத்தவர் பேர் வெட்டியிருக்கும். ஒடுங்கியும் கீறியும் போன அந்தப் பழைய டம்ளர்களில் செத்துப்போன சித்தப்பா பெரியப்பாக்களின் பேரெல்லாம் இருந்தது. நான் புதிதாக வாங்கிய இரண்டு டஜனில் எதுவும் இல்லை, பளபளவென்று இருந்தது. பேர் வெட்டினதில் சர்பத். பேர் வெட்டாததில் ரம். கூட்டாளிகளுக்கு ஃபோனில் சொல்லிவிட்டேன். இதைவிடச் சுத்தமான ஏற்பாடு இருக்க முடியாது என்று நினைத்தேன்.

மாமா வருவார் என்று தெரியும். அவருக்காகத் தனியாக யோசித்தேன் என்பதையும் சொல்ல வேண்டும். அவர் கையில் நானே பேர் வெட்டின டம்ளரைக் கொடுத்துவிட வேண்டும் என்று மனதில் குறித்து வைத்திருந்தேன். அன்றைக்கு ரம்மே வேண்டாம் என்று மட்டும் யோசிக்கவில்லை.

விருந்தன்று ஹாலில் ஒறம்பரை, சொந்தபந்தமெல்லாம் உட்கார்ந்திருந்தார்கள். பால்கனிப் பக்கம் என் கூட்டாளிகள். மாமா வெள்ளை வேட்டியில், தலைக்கு எண்ணெய் வைத்துச் சீவி வந்தார். வாசலிலேயே என்னைப் பிடித்து ஃப்ளாட்டின் கதவுக் கீல் சரியில்லை, அடுத்த வாரம் தானே வந்து மாற்றித் தருவதாகச் சொன்னார். நான் நினைத்து வைத்திருந்தபடியே அவர் கையில் ஒரு பழைய டம்ளரைக் கொடுத்தேன். ஒரு பக்கம் ஒடுங்கிப்போனது. யாரோ ஒரு பெரியப்பா பேர். அவர் ஒரு வாய் குடித்துவிட்டு, அருமையாக இருக்கிறது, பட்டறைக்கும் கொஞ்சம் பாட்டிலில் ஊற்றிக் கொடு என்றார். எனக்கு நிம்மதி. அடுப்படியில் பிரியாணி தம் பார்க்கப் போய்விட்டேன்.

அம்மா அப்போதுதான் ஹாலுக்கு வந்திருக்கிறாள். வந்தவள் கண்ணில் முதலில் பட்டது மருமகன் கையில் இருந்த ஒடுங்கின டம்ளர். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைக்கு மரியாதை என்பது சின்ன விஷயம் இல்லை. அவர் உட்காரும் பாய்கூடக் கிழிசல் இல்லாததாகப் பார்த்துப் போடுவார்கள். அதிலும் இவர் திருந்தி வந்த மாப்பிள்ளை. பால்கனிக் கதவருகே கூட்டாளிகளுக்காக நான் ஊற்றி வைத்திருந்த தட்டிலிருந்து ஒரு புது டம்ளரை எடுத்துக்கொண்டு நேராக அவர் முன்னால் போய் நின்றிருக்கிறாள். நான் அடுப்படி வாசலுக்கு வந்தபோது அவள் சொன்னதுதான் காதில் விழுந்தது.

"ஏனுங்க மாப்ள, அந்தச் சொட்ட டம்ளர இப்படிக் குடுங்க. இவனுக்கு ஒரு வெவரமும் பத்தாது. இந்தாங்க, இதுல குடிங்க."

நான் பார்த்தேன். டம்ளர் பளபளவென்று இருந்தது. அவர் இரண்டு கையாலும் வாங்கினார், அத்தை கையால் கொடுப்பதை ஒரு கையால் வாங்கமாட்டார். வாய் திறந்து கத்தியிருக்கலாம். அது ரம், குடிக்காதீர்கள் என்று பெரியம்மா, சித்தி, பக்கத்து ஃப்ளாட்காரர், அம்மா எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டும். அதைச் சொல்லாமல் டம்ளரை வாங்க என்ன சாக்கு என்று யோசித்தேன். பல்லி விழுந்தது என்று சொல்லலாமா? ஈ கிடக்கிறது என்று சொல்லலாமா? நான் சாக்குத் தேடி முடிப்பதற்குள் அவர் குடித்து முடித்து, டம்ளரை அம்மாவிடம் திருப்பிக் கொடுத்து, நெம்ப நல்லா இருக்குதுங்க அத்தை என்றார்.

ஒரு டம்ளர்தானே, தெரியாமல் போனதுதானே, அவருக்கே தெரியாதபோது என்ன ஆகிவிடப் போகிறது என்று என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டு இலை போட ஆரம்பித்தேன்.

இரண்டாவது பந்தியில் அவர் உட்கார்ந்தார். நான் பச்சடி வைக்கும்போது அவர் காது மடல்கள் இரண்டும் ரத்தச் சிவப்பாக இருந்தன. பிறகு கழுத்து. பிறகு முகம் முழுக்க. வேட்டி நுனியால் நெற்றியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். என் கூட்டாளி ஒருவன், மாமாவுக்குக் காரம் ஆகாது போல என்று கிண்டல் செய்தான். அவர் சிரிக்க முயன்றார். சோற்றைப் பிசைந்த கை அப்படியே நின்றது.

அக்கா எதிர்ப் பந்தியில் பரிமாறிக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்ததும் கரண்டியை வாளியிலேயே போட்டுவிட்டு வந்தாள். அவரிடம் அவள் ஒன்றும் கேட்கவில்லை. என் கையைப் பிடித்து அடுப்படிக்குள் இழுத்தாள்.

"என்றா குடுத்தே அவருக்கு?"

நான் விழித்தேன். சர்பத் என்றேன்.

"பொய் சொல்லாத. என்ன குடுத்தே சொல்லு, நேரமில்ல."

அவள் முகத்தில் கோபம் இல்லை, பயம்தான் இருந்தது. குடித்த மனிதனைப் பார்த்து அவள் பயந்து நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன், இது அந்தப் பயம் இல்லை. ரம் என்றேன். அதற்குள் ஹாலில் சத்தம். மாமா இலைமேலேயே சாய்ந்திருந்தார். மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

பக்கத்தில் இருந்த ஆஸ்பத்திரிக்குக் காரில் ஐந்து நிமிஷம். பின் சீட்டில் அக்கா மடியில் அவர் தலை. ஒண்ணுமில்லீங்க, ஒண்ணுமில்லீங்க என்று அவள் சொல்லிக்கொண்டே வந்தாள். அவர் இரண்டு முறை வாந்தி எடுத்தார். அவளுடைய பட்டுப்புடவை முழுக்க நன்னாரி வாசம். நான் அத்தனை பாடுபட்டுக் கொண்டுவந்த வாசம்.

அவசரப் பிரிவில் ஆக்ஸிஜன் வைத்தார்கள், டிரிப்ஸ் ஏற்றினார்கள். ரத்த அழுத்தம் மிகவும் கீழே போயிருக்கிறது என்றார்கள். என் வயதுதான் இருக்கும் அந்த டாக்டருக்கு. மது குடித்தாரா என்று கேட்டார். ஒரு டம்ளர், ஒன்றரை மூடி ரம் என்று நான் அளவு சொன்னேன். எனக்கு அளவு துல்லியமாகத் தெரியும். அந்த அளவுக்கு இப்படி ஆகாதே, வேறு மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறாரா என்று கேட்டார். இல்லை என்றேன். சர்க்கரைகூட இல்லை என்றேன். டாக்டர் அக்காவைப் பார்த்தார்.

அக்கா என்னைத் தள்ளிப் போகச் சொன்னாள். நான் போகவில்லை. டாக்டரை ஓரமாகக் கூட்டிப்போய் மெல்லச் சொன்னாள். ஓரம் என்றால் எங்கே? நடுவில் ஒரு பச்சைத் திரை மட்டும்தான். அதற்கு அந்தப் பக்கம் அவர் படுத்திருந்தார்.

குடியை விட வைக்கிற மாத்திரை. அதைச் சாப்பிட்டவர் உடம்பில் மது ஒரு சொட்டுப் பட்டாலும் இப்படித்தான் ஆகுமாம். கூட வேலை பார்க்கும் டீச்சர் ஒருத்தி சொல்லிக்கொடுத்திருக்கிறாள். தினமும் காலையில் ஒரு மாத்திரையை நுணுக்கி, அவர் குடிக்கும் கேழ்வரகுக் கூழில் மோர் விட்டுக் கரைத்துக் கொடுத்திருக்கிறாள். பதினோரு மாதமாக. ஒரு நாள் விடாமல்.

டாக்டர் குரலை உயர்த்தவில்லை. ஈரல், இதயம் எதையும் பரிசோதிக்காமல், அவருக்கே தெரியாமல் இதைக் கொடுப்பது கொலை செய்வதற்குச் சமம் என்றார். பெருந்துறை ரோட்டோரத்தில் அவர் உட்கார்ந்து வாந்தி எடுத்தது எனக்கு அப்போது ஞாபகம் வந்தது. அவருக்கும் அதே நேரம்தான் வந்திருக்க வேண்டும். திரைக்குப் பின்னாலிருந்து கூப்பிட்டார்.

"அம்மணி."

அக்கா திரையை விலக்கிக்கொண்டு போனாள். அவர் ஆக்ஸிஜன் மாஸ்க்கை ஒரு கையால் தூக்கிப் பிடித்திருந்தார்.

"எப்பத்திருந்து?"

"மொதல்ல இருந்தேங்க."

"கோயிலுக்குப் போனதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

அக்கா பொய் சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு வார்த்தை, பின்னாடிங்க என்று சொல்லியிருந்தால் போதும்.

"முன்னாடிங்க," என்றாள். "நாலு நாள் முன்னாடி, காச்சல்ல குடிக்காம படுத்திருந்தப்போ."

அவர் மாஸ்க்கை மறுபடி மூக்கின்மேல் வைத்துக்கொண்டு கண்ணை மூடினார். மணிக்கட்டில் மஞ்சள் கயிறு இருந்தது. நர்ஸ் வந்து ஊசி போட இடைஞ்சலாக இருக்கிறது என்று அதைக் கத்தரித்தபோது கையை நீட்டிக் கொடுத்தார்.

இரண்டு நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். இரண்டாம் நாள் காலையில் நான் தனியாகப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். மன்னிப்புக் கேட்டேன், டம்ளர் விஷயம் முழுவதையும் சொன்னேன். பேர் வெட்டினது, வெட்டாதது, எல்லாம். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார்.

"நல்லாத்தான் கலந்திருந்தே," என்றார். "ஆனா எனக்கு ரெண்டாவது மடக்குலயே தெரிஞ்சுபோச்சு மாப்ள. இருவது வருசம் குடிச்சவனுக்குத் தெரியாதா? அத்தை எதுக்கால நின்னு பாத்துட்டு இருந்தாங்க. எப்படித் துப்பறது?"

நான் அவர் கையைப் பிடித்தேன். அதற்கு மேல் அவர் பேசாமல் இருந்திருந்தால் எனக்கு அது பெரிய ஆறுதலாக இருந்திருக்கும். எல்லாம் அம்மாவின் மரியாதையால் வந்தது, எங்கள் ஊர் நாகரிகத்தால் வந்தது என்று நானும் நிம்மதியாகச் சொல்லிக்கொண்டிருப்பேன்.

"ரெண்டாவது மடக்கு அத்தைக்காக," என்றார். "மூணாவது அவங்களுக்காக இல்ல."

வீட்டுக்குப் போன பிறகு அவர் சண்டை போடவில்லை. அக்காவை ஒரு வார்த்தை சொல்லவில்லை. காலையில் குளித்து, சட்டை போட்டு, கூழைத் தொடாமல் பட்டறைக்குப் போனார். மதியம் மெஸ்ஸில் சாப்பிட்டார், இரவும் பார்சல். அக்கா வைத்த தண்ணீரைக்கூட எடுக்காமல் குழாயில் பிடித்துக் குடித்தார். மாத்திரை இல்லாமல் தன்னால் எத்தனை நாள் இருக்க முடிகிறது என்று பார்க்கப் போவதாக என்னிடம் சொன்னார். இப்போது யாரிடமும் மனசு வைத்தால் முடியும் என்று சொல்வதில்லை. பத்தொன்பது நாள் இருந்தார். இருபதாவது நாள் சாயங்காலம், அவரே கயிறு கட்டவைத்த அந்தப் பட்டறை ஆளோடு சேர்ந்தே கடைக்குப் போனார்.

அம்மாவுக்கு இன்றுவரை எதுவும் தெரியாது. நன்னாரி சூட்டு உடம்புக்கு ஆகும், சீத உடம்புக்கு ஆகாது, தெரியாமல் என் கையால் கொடுத்துவிட்டேனே என்று போன் செய்யும்போதெல்லாம் சொல்கிறாள். ஆமாம் என்று நானும் சொல்கிறேன். நோட்டில் நன்னாரிப் பக்கம் அப்படியே இருக்கிறது, அளவோடு.

போன மாதம் அக்கா கூப்பிட்டாள். மதியம் வீட்டில் அவர் இருக்கமாட்டார், ஒரு எட்டு வந்துவிட்டுப் போ என்றாள். போனேன். மெலிந்திருந்தாள். அவர் மறுபடி மிஷின் முன்னால் கை நடுங்க நிற்கிறார் என்றாள். துணிப்பையைத் தூக்கிக்கொண்டு போக இந்த முறை தனக்குத் தைரியம் இல்லை, தானே ஏமாற்றியவள் எந்த முகத்தோடு போவது என்றாள். பிறகு பீரோவைத் திறந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்து என் முன்னால் வைத்தாள்.

"நான் குடுத்தா தொடமாட்டாரு. நீ குடுத்தா சாப்புடுவாரு. வாரத்துல ரெண்டு நாள் அவரோட உக்காந்து ஏதாவது கலக்கிக் குடு கண்ணு. ஜூஸு, சர்பத்து, எதாச்சும். உனக்குத்தான் தெரியாம கலக்க வருமே."

அவள் குத்திக்காட்டவில்லை. உண்மையாகவே கேட்டாள். அந்த வித்தை தெரிந்த ஒரே ஆள் நான்தான் என்பதால் கேட்டாள். டாக்டர் சொன்னதை நினைவுபடுத்தினேன். அவர் தினமும் குடிக்கிறார், இப்போது இதைக் கொடுத்தால் உயிரே போகும் என்றேன். குடிக்காமல் இருக்கிற நாளாகப் பார்த்துக் கொடு என்றாள். அப்படி ஒரு நாள் எங்கே இருக்கிறது என்று கேட்டேன். அவள் அட்டையை என் பக்கம் இன்னும் கொஞ்சம் நகர்த்தினாள். என்னால் முடியாது அக்கா என்றேன். அவரை மறுபடி டாக்டரிடம் கூட்டிப் போகலாம், அவருக்குத் தெரிந்தே செய்யலாம், நான் பேசுகிறேன் என்று வேகவேகமாகச் சொன்னேன். எனக்கு எப்போதும் ஒரு யோசனை இருக்கும்.

"பேசு," என்றாள். "பேசிப் பாரு."

அட்டையை எடுத்துப் பீரோவில் வைத்துப் பூட்டினாள். மணி இரண்டாகிறது, சாப்பிட்டுவிட்டுப் போ என்று தட்டு எடுத்து வைத்தாள். எப்போதும் போடும் அரிசிம்பருப்புச் சாதம் இல்லை, வெறும் சோறும் ஏதோ அவசரத்துக்கு வைத்த ரசமும் முட்டையும்தான். ரசத்தை ஊற்றிவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். நான் பிசைந்தேன். உருண்டையை எடுத்தேன். கை ஒரு நொடி நின்றது. ஏன் நின்றது என்று எனக்குத் தெரியாது, நான் நிறுத்தவில்லை. ஆனால் நின்றது, அவள் பார்த்தாள்.

"உனக்கு எதுக்குடா போடப்போறேன்," என்றாள்.

நான் சாப்பிட்டேன். மறுசோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன், ரசத்தைக் கையில் ஊற்றச் சொல்லிக் குடித்தேன். அவள் எழுந்துபோய் அடுப்படியில் பாத்திரம் கழுவ ஆரம்பித்திருந்தாள். அதற்குப் பிறகு அவள் என்னைக் கூப்பிடவில்லை.